கைக்குள் ஒரு மின்னல்

மூன்றாம் ஆண்டு, இயற்பியல்

ஒளியின்றிப் படமில்லை. பொழுது சாய்ந்தால் கேமராவை மூடிவைக்க வேண்டியதுதான் என்றிருந்த நிலையை மாற்றியது பிளாஷ் என்னும் செயற்கை மின்னல். 1887இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒளி உண்டாக்கினர். புகையும் தீ விபத்தும் அதன் உடன்பிறப்புகள். 1930களில் அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஹெரால்டு எட்ஜெர்டன், மின்சாரத்தால் ஒளிரும் வாயுக் குழாயைப் புகைப்படக் கலைக்குப் பயன்படுமாறு வளர்த்தெடுத்தார். அதன் வழித்தோன்றலே இன்று சட்டைப்பைக்குள் அடங்கும் டிஜிட்டல் கேமராவின் மூலையில், விரல் நகமளவு இடத்தில் அமர்ந்திருக்கிறது.

கைப்பேசி வந்தபின் அலமாரியில் உறங்கப் போன இச்சிறு கேமராக்களை நம் நண்பர்கள் சிலர் மீண்டும் வெளியே எடுத்திருக்கிறார்கள். அவர்களில் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிளாஷ் அடித்தும் படம் ஏன் இருட்டாக வருகிறது?” அதற்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே நடப்பது என்ன?

கேமராவின் மின்கலம் தருவது ஒருசில வோல்ட்டே. உள்ளிருக்கும் மின்சுற்று அதனை ஏறத்தாழ 300 வோல்ட்டாக உயர்த்தி ஒரு மின்தேக்கியில் சேர்த்து வைக்கிறது. பொத்தானை அழுத்தியதும் அம்மின்னூட்டம் செனான் வாயு நிரம்பிய குழாய் வழியே பாய்கிறது. வெளிச்சம் நிற்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். மின்தேக்கி மறுபடி நிரம்பச் சில விநாடிகள் ஆகும். மின்கலத்தைக் கழற்றிய பின்னும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும். ஆதலால் பழுதான கேமராவை விளையாட்டாகக் கூடத் திறந்து பார்க்க வேண்டாம்.

எதிர் இருமடி விதி

வகுப்பில் நாம் மனப்பாடம் செய்யும் எதிர் இருமடி விதியே பிளாஷின் எல்லையையும் வகுக்கிறது. தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும். இதனை நான் செய்து பார்த்தேன். ஆய்வக மேசைகளின் மேல் 1, 2, 3, 4 மீட்டர் தொலைவுகளில் ஒன்றையொன்று மறைக்காதவாறு வெள்ளைத் தாள்களை நிறுத்தி, விளக்குகளை அணைத்து, ஒரே பிளாஷில் படமெடுத்தேன். முதல் தாள் கண்கூச வெளுத்திருந்தது. இரண்டாவது தெளிவாக இருந்தது. மூன்றாவது சாம்பல் நிறமானது. நான்காவது பாதி இருளில் கரைந்துவிட்டது.

பிளாஷின் வலிமையை ‘வழிகாட்டி எண்’ என்று குறிப்பர். அவ்வெண்ணை லென்சின் துளை எண்ணால் வகுத்தால் பிளாஷ் எட்டும் தொலைவு கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஐ.எஸ்.ஓ. 100இல் வழிகாட்டி எண் 8 எனவும், துளை எண் 2.8 எனவும் கொள்வோம். எட்டும் தொலைவு ஏறத்தாழ 2.9 மீட்டர். ஜூம் செய்யும்போது பல கேமராக்களில் துளை சுருங்கும், அது 5.6 ஆனால் தொலைவும் 1.4 மீட்டராகக் குறையும். ஐ.எஸ்.ஓ.வை 400ஆக உயர்த்தினாலோ தொலைவு இருமடங்காகும். இக்கணக்கு ஒன்றை அறிந்தாலே பாதிக் குறை நீங்கிவிடும்.

அரங்கில் அணையுங்கள்

ஆண்டு விழாவில் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கிப் பிளாஷ் அடிப்போர் பலர். மேடை 20 மீட்டர் தள்ளியிருக்கும். 3 மீட்டரில் விழும் ஒளியில் நாற்பதில் ஒரு பங்குகூட அங்கே சென்று சேராது. படத்தில் பளிச்சென்று தெரிவது முன்வரிசையில் இருப்பவரின் பின்தலைதான்! பிளாஷை நம்பிக் கேமரா ஷட்டரை விரைவாக மூடிவிடுவதால் மேடை விளக்கின் ஒளியும் வீணாகிறது. எனவே மின்னல் குறியின்மேல் கோடிட்ட அடையாளத்தைத் தெரிவு செய்து பிளாஷை அணையுங்கள். ஐ.எஸ்.ஓ.வை 800க்கு உயர்த்தி, கேமராவை நாற்காலியின் முதுகில் அழுத்திப் பிடித்து எடுங்கள். மேடையில் ஆடுபவரின் கண்ணும் கூசாது.

வெயிலில் ஏற்றுங்கள்

நண்பகலில் வேப்பமர நிழலில் நண்பர்கள் நிற்கிறார்கள்; பின்னால் வெயில் கொளுத்தும் மைதானம். கேமரா அம்மைதானத்தின் ஒளியை அளந்து படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். வெளிச்சம் போதும் என்றெண்ணித் தானியங்கி பிளாஷும் அடிக்காது. விளைவு, மைதானம் அழகாக இருக்கும். முகங்கள் கரிய நிழல்களாகும். நம்மில் பலர் கருநிறத்தவர். இத்தகைய படத்தில் முதலில் மறைபவை அம்முகங்களே. “நான் கறுப்பு, படத்தில் விழமாட்டேன்” என்று ஒதுங்கி நிற்கும் தோழர்களை நான் பார்த்திருக்கிறேன். குறை அவர்கள் நிறத்தில் இல்லை. படமெடுப்பவர் ஒளியைக் கையாளும் முறையில் இருக்கிறது. வெறும் மின்னல் குறியைத் தெரிவு செய்து பிளாஷைக் கட்டாயமாக அடிக்கச் செய்து, இரண்டு மீட்டருக்குள் நின்று எடுத்தால் கண்ணும் சிரிப்பும் தெளிவாக விழும். முகத்தை வெளுக்க வைப்பது இதன் நோக்கமன்று; உள்ள நிறத்தை உள்ளபடி காட்டுவதே நோக்கம். பிளாஷின் வலிமையைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால் சற்றுக் குறைத்துக் கொள்ளலாம்.

குழுப்படம்

மாலையில் அறைக்குள் எடுக்கும் குழுப்படத்தில் முன்வரிசை 1 மீட்டரிலும் பின்வரிசை 3 மீட்டரிலும் இருந்தால், ஒளி வேறுபாடு ஒன்பது மடங்கு. முன்னிருப்பவர் வெளுப்பார், பின்னிருப்பவர் இருளில் மூழ்குவார். இரண்டு மீட்டர் பின்னே நகருங்கள். வரிசைகள் 3, 5 மீட்டர் என்றாகும். வேறுபாடு மூன்று மடங்குக்கும் கீழே வந்துவிடும். முன்னே சொன்ன கேமராவில் ஐ.எஸ்.ஓ. 400 வைத்து ஜூம் செய்யாமல் எடுத்தால் 5 மீட்டரும் எட்டும்.

சில சிறு குறிப்புகள்

இருட்டில் விரிந்த கண்பாவை வழியே ஒளி உட்சென்று, கண்ணின் உட்புறத்துக் குருதிநாளங்களில் பட்டுத் திரும்புவதால் கண் சிவப்பாகத் தெரிகிறது. பிளாஷ் லென்சுக்கு மிக அருகில் இருப்பதே காரணம். கண் குறியுள்ள முறையில் முன்னதாக ஓர் ஒளி அடித்துக் கண்பாவையைச் சுருங்கச் செய்வர்.

சுவரை ஒட்டி நிற்பவரை ஒரு மீட்டர் முன்னே வரச் சொன்னால் பின்னால் விழும் கருநிழல் மெலியும். மூக்குக் கண்ணாடி அணிந்தவர் முகத்தைச் சற்றே திருப்பினால் வெள்ளைப் பொட்டு மறையும். சட்டமிட்ட பழைய குடும்பப் படத்தைப் பிரதி எடுக்கும்போது பிளாஷை அணைத்துச் சன்னல் ஒளியை நாடுங்கள். படத்தில் மிதக்கும் வெண்வட்டங்களைக் கண்டு ஆவி என அஞ்ச வேண்டாம். லென்சுக்கு அருகில் பிளாஷ் ஒளிபட்ட தூசியும் மழைத்துளியுமே அவை.

முடிவுரை

தானியங்கி முறையில் விட்டால் கேமரா வெளிச்சத்தின் அளவைப் பார்த்து முடிவெடுக்கிறது. எந்த முகம் நமக்கு வேண்டிய முகம் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். மூன்றாண்டுகள் உடன் படித்தவர்கள் நாளை எந்தெந்த ஊருக்கோ பிரிந்து செல்வோம். அன்று நம்மிடம் எஞ்சும் படங்களில் பின்வரிசைத் தோழனும் கருநிறத் தோழியும் தெளிவாகத் தெரிய வேண்டாமா? அதற்குத் தேவை புதிய கேமரா அன்று. மின்னல் குறியுள்ள அச்சிறு பொத்தானை அறிந்து அழுத்தும் பழக்கமே.