இந்த இருமல் தூசியா, டிபியா?

இந்த எபிசோடில் கோவில்பட்டிப் பக்கம் போறோம். கரிசல் காடு, தீப்பெட்டி ஆபீஸ், லாரி ஓயாத நெடுஞ்சாலை. அங்கே இருமல் வந்தா, "தூசி ஒத்துக்கலை"ன்னு சிரப் வாங்கிக் குடிக்கிறது சகஜம். ஆனா இருமுறவருக்கு ஹெச்ஐவி இருந்தா? பொதுவா டிபி சோதனைக்குச் சொல்ற 2 வாரக் கணக்கு அவருக்குக் கிடையாது. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை, இதில் ஒண்ணு இருந்தாலே உடனே சோதனை.

ஏன்? ஹெச்ஐவி, சிடி4 எனும் வெள்ளையணுக்களை அழிக்குது. காவல் குறைஞ்சதும் உடம்புக்குள் அடங்கிக் கிடந்த கிருமிகள் தலைதூக்கும். இவைதான் சந்தர்ப்பவாதத் தொற்றுகள். நம்ம நாட்டில் இதில் முதலிடம் டிபிக்கு. தாம்பரத்தில் 1928-ல் காசநோய்க்காகத் தொடங்கின மருத்துவமனையே பிறகு ஹெச்ஐவி சிகிச்சைக்கும் பெரிய மையமாச்சு.

சிக்கல் கண்டுபிடிக்கிறதுலதான். நுரையீரலில் குழி விழுறதே நம்ம எதிர்ப்புச் சக்தி கிருமியோட சண்டை போடுறதால. சண்டை ஓய்ஞ்சா குழி இல்லை. சளியில் கிருமியும் குறைவு. மைக்ரோஸ்கோப்பில் "நெகட்டிவ்"னு வரலாம், எக்ஸ்ரேகூட சாதாரணமாத் தெரியலாம். அந்த நிம்மதிதான் ஆபத்து. அதனால கிருமியின் மரபணுவையே தேடுற சிபிநாட் சோதனை. சுமார் 2 மணி நேரத்தில் முடிவு. நோய் முற்றினவருக்குச் சிறுநீரிலும் டிபி சோதனை உண்டு.

சிகிச்சையில் வரிசை முக்கியம். முதலில் டிபி மாத்திரை; 2 வாரத்துக்குள் ஹெச்ஐவிக்கான ஏஆர்டி. மூளையில் டிபின்னா மட்டும் ஏஆர்டிக்கு 4 முதல் 8 வாரம் பொறுக்கணும். திடீர்னு விழிச்ச எதிர்ப்புச் சக்தி மூளையில் வீக்கத்தைக் கூட்டிடும். டிபி மருந்தான ரிஃபாம்பிசின், டொலுடெக்ராவிரின் அளவை ரத்தத்தில் குறைச்சிடும். அதனால அந்த மாத்திரை 50 மில்லிகிராம் தினம் 2 வேளை.

டிபி இல்லைன்னு உறுதியானா, வராம தடுக்கவும் மாத்திரை இருக்கு.

சின்ன ஊரில் "தெரிஞ்சவங்க பார்த்துட்டா?"ங்கிற பயம்தான் பலரைத் தாமதிக்க வைக்குது. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையத்தில் ஹெச்ஐவி சோதனை இலவசம். ஒருத்தரோட ஹெச்ஐவி நிலையை அவர் சம்மதமில்லாம வெளியே சொல்றதை 2017-ம் ஆண்டுச் சட்டம் பொதுவாத் தடுக்குது. சந்தேகம்னா 1097-க்குக் கூப்பிடுங்க, கட்டணம் இல்லை. இருமல் ரெண்டு வாரம் ஆகட்டும்னு மட்டும் காத்திருக்காதீங்க.