தலைவர் சொல்லும் கணக்கும் கிராம சபையின் கடமையும்

உள்ளாட்சி என்றவுடன் தேர்தலும் வேட்பாளர்களும் வாக்கு எண்ணிக்கையுமே பெரும்பாலோர் நினைவிற்கு வருகின்றன. தேர்தல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போவது. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் ஊராட்சிக்கு எவ்வளவு பணம் வந்தது, எந்தச் சாலைக்குச் செலவாயிற்று, தொகுப்பு வீடு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பவற்றை ஊர் மக்கள் அறிந்துகொள்ள வழி யாது? தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் தம்மைத் தேர்ந்தெடுத்தவர்கள் முன் நின்று, செய்ததையும் செய்யாததையும் எடுத்துரைக்கும் இடமே கிராம சபை. நாட்டில் உள்ள ஏறத்தாழ 2.5 லட்சம் கிராம ஊராட்சிகளின் நேர்மையும் திறனும் பெருமளவிற்கு இந்த ஒரு கடமையைச் சார்ந்துள்ளன.

நெடிய பாதை

அரசியல் சட்டத்தின் முதல் வரைவில் கிராமப் பஞ்சாயத்து இடம் பெறவில்லை. 1948 நவம்பர் 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் திரு. கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தை டாக்டர் அம்பேத்கர் ஏற்றுக்கொண்டதன் பயனாகவே இன்றைய 40ஆம் உறுப்பு பிறந்தது. அது அரசுக்கு வழிகாட்டும் நெறியாக அமைந்ததே தவிர, கட்டாயமாக அமையவில்லை.

1957ஆம் ஆண்டு பல்வந்த்ராய் மேத்தா குழு மூன்றடுக்கு அமைப்பைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானின் நாகௌரில் பண்டித நேரு பஞ்சாயத்து ராஜைத் தொடங்கி வைத்தார். ஊராட்சி மன்றங்கள் பெருகின. ஆயினும் மக்கள் கூடிக் கேள்வி கேட்கும் சபை வலுப்பெறவில்லை. இக்குறையை ஆராய அமைந்த ஆர். ஆர். திவாகர் குழு 1963ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. 1978ஆம் ஆண்டு அசோக் மேத்தா குழுவும் உள்ளாட்சியின் தளர்ச்சியைச் சுட்டிக்காட்டிச் சீரமைப்புக்கு வழி கூறியது. எனினும், தேர்தல் தள்ளிப்போடப்படுவதும் மன்றங்கள் கலைக்கப்படுவதும் பல மாநிலங்களில் வழக்கமாகவே இருந்து வந்தன.

சட்டம் வகுத்த நிலை

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்நிலையை மாற்றியது. 243ஆம் உறுப்பு கிராம சபைக்கு இலக்கணம் வகுத்தது. ஊராட்சி எல்லைக்குட்பட்ட கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர் ஆவர். ஊராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிவடையும். கிராம சபை முடிவடைவதில்லை. மன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சபை உறுப்பினராக வாக்காளராய் இருத்தலே போதும்.

ஆனால் கிராம சபைக்கு எவ்வெவ் அதிகாரங்கள் உண்டு என்பதை முடிவு செய்யும் பொறுப்பு, 243-ஏ உறுப்பின்படி மாநிலச் சட்டமன்றங்களிடம் விடப்பட்டது. எனவேதான் மாநிலத்திற்கு மாநிலம் சபையின் வலிமை வேறுபடுகின்றது. சில மாநிலங்களில் அதன் ஒப்புதல் கட்டாயம். சிலவற்றில் அது கருத்துக் கூறும் சபையாகவே நிற்கின்றது.

பழங்குடியினர் வாழும் அட்டவணைப் பகுதிகளுக்கென 1996ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம் இவ்வகையில் ஒரு படி மேலே சென்றது. திட்டங்களைத் தொடங்குமுன் கிராம சபையின் ஒப்புதல் பெற வேண்டும். பயனாளிகளை அச்சபையே தெரிவு செய்ய வேண்டும். பணம் செலவான பின், அது முறையாகச் செலவிடப்பட்டது என்ற சான்றை ஊராட்சி அச்சபையிடமிருந்தே பெற வேண்டும். கணக்கிற்குச் சான்றளிக்கும் உரிமை மக்களுக்கே வழங்கப்பட்டது என்பது மாணவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது.

கணக்கு அம்பலத்திற்கு வந்த வரலாறு

கணக்கைக் கேட்கும் உரிமை ஏட்டளவில் இருந்தால் போதாது என்பதை உணர்த்தியது ராஜஸ்தான். 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்தின் கோட் கிரானா என்னும் ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு முதலாவது மக்கள் விசாரணையை நடத்தியது. வருகைப் பதிவேடும் செலவுச் சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் உரக்கப் படிக்கப்பட்டன. இத்தகைய விசாரணைகளில், வேலைக்கே செல்லாதவர் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், நிறைவேறாத பணி நிறைவேறியதாகக் காட்டப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. எழுத்தறியாத தொழிலாளியும் தன் பெயர் படிக்கப்பட்டபோது எழுந்து, ‘நான் அந்த வேலைக்குப் போகவில்லை’ என்று கூற முடிந்தது. தணிக்கையாளரின் கண்ணுக்குப் புலப்படாத பொய், அதை நேரில் அறிந்தவரின் காதில் விழுந்தவுடன் உடைந்தது.

இவ்வியக்கம் வளர்ந்து, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திற்கு வித்திட்டது. அதே ஆண்டு இயற்றப்பட்ட தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கிராம சபை சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என விதித்தது. 2017ஆம் ஆண்டு மேகாலயம் சமூகத் தணிக்கைக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

கேரளம் காட்டும் வழி

கேரளத்தில் ஊராட்சிகள் பரப்பிலும் மக்கள்தொகையிலும் பெரியவை. ஆகவே 1994ஆம் ஆண்டுச் சட்டம் வார்டு தோறும் ஒரு கிராம சபையை அமைத்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும். முந்திய ஆண்டின் பணிகள், செலவு, ஆண்டுக் கணக்கு ஆகியவை சபையின் முன் வைக்கப்பட வேண்டும். சபையின் முடிவு ஏதேனும் நிறைவேற்றப்படாவிடில், அதற்குரிய காரணத்தைத் தலைவர் தெரிவிக்க வேண்டும் என்பதே இச்சட்டத்தின் சிறப்பு. ‘ஏன் செய்யவில்லை’ என்ற கேள்விக்கு விடை கூறுவது இங்கே சட்டக் கடமை. 1996ஆம் ஆண்டு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்ட நிதியில் பெரும்பங்கை உள்ளாட்சிகளுக்கு அளித்ததால், கூடிப் பேசுவதற்கு ஒரு பொருளும் இருந்தது. கையில் நிதியில்லாத ஊராட்சியின் கூட்டத்திற்கு மக்கள் வராததில் வியப்பில்லை.

இடர்ப்பாடுகள்

நடைமுறையில் காணும் குறைகள் பல. போதிய முன்னறிவிப்பின்றிக் கூட்டம் கூட்டப்படுவதுண்டு. குறைவெண் வரம்பை நிரப்பப் பதிவேட்டை வீடு வீடாக எடுத்துச் சென்று கையெழுத்துப் பெறுவதுமுண்டு. கூலிவேலை நாளின் நடுப்பகலில் கூட்டம் நடைபெற்றால், ஏழைகள் ஒரு நாள் கூலியை இழந்துதான் வரவேண்டும்.

பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை அரசியல் சட்டம் ஒதுக்கியது. 2006ஆம் ஆண்டு பீகார் பாதி இடங்களை ஒதுக்க, பிற மாநிலங்கள் பல அதைப் பின்பற்றின. ஆயினும் மனைவியின் நாற்காலியில் கணவர் அமர்ந்து கணக்குச் சொல்லும் காட்சி இன்னும் மறைந்தபாடில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பினர் எழுந்து கேள்வி கேட்டால், மறுநாள் அவர்கள் வேலை செய்யும் நிலத்தின் உடைமையாளரைச் சந்திக்க வேண்டியிருக்கும். இந்த அச்சத்தைப் போக்காமல் வெறும் வருகை எண்ணிக்கையைக் காட்டுவது பயன் தராது.

நல்ல அறிக்கைக்கு வேண்டுவன

கணக்கு, கேட்போருக்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். ‘பொது நிதி, இதர இனங்கள்’ என்று படிப்பதினும், ‘கிழக்குத் தெருக் குழாய்க்கு இவ்வளவு, மின்கட்டணத்திற்கு இவ்வளவு’ என்று கூறுவது நன்று. கூட்டத்திற்குச் சில நாட்கள் முன்னரே அது பொதுவிடத்தில் ஒட்டப்படுமாயின், மக்கள் ஆய்ந்து வருவர். சென்ற கூட்டத்தின் தீர்மானங்கள் என்னவாயின என்பதே இக்கூட்டத்தின் முதற்பொருளாதல் வேண்டும். எழுப்பப்பட்ட கேள்வியும் அளிக்கப்பட்ட விடையும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாதல் வேண்டும். 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட இ-கிராம் சுவராஜ் தளத்தின் வழி ஊராட்சியின் திட்டத்தையும் செலவையும் எவரும் காண இயலும். ஆயினும் கணிப்பொறித் திரை, நேருக்கு நேர் நின்று கேட்கும் கேள்விக்கு ஈடாகாது.

நகரங்களின் நிலை இன்னும் பின்தங்கியுள்ளது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ள 74ஆவது திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்களை அமைக்கச் சொல்கிறது. வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் சபையைப் பற்றி அத்திருத்தம் எதுவும் கூறவில்லை.

அதிகாரிகளுக்கு இங்கே ஒரு கடமை உண்டு. கூட்டம் நடந்தது என்ற அறிக்கையோடு நில்லாது, அங்கே கேட்கப்பட்ட கேள்விகள் எத்தனை, தீர்ந்தவை எத்தனை என்று அவர்கள் வினவ வேண்டும். கேள்வியே எழாத கூட்டத்தை அமைதியான கூட்டம் என்று பாராட்டுவதற்கில்லை. அங்கே மக்கள் நம்பிக்கை இழந்துள்ளனரா, அன்றி அச்சத்தில் உள்ளனரா என்று ஆராய்வதே முறை. கணக்குக் கேட்பவரைப் பகைவராகக் கருதாத தலைவரும், கேட்பதைத் தம் உரிமையாகக் கருதும் மக்களும் சேர்ந்து அமையும் ஊரில்தான் உள்ளாட்சி தன்னாட்சியாக மலரும்.