மழை இறக்கிய டிகாஷன்

பில்டரின் மேல் டப்பாவில் பொடியைப் போட்டு, லேசாக அழுத்தி, கொதிநீர் ஊற்றிவிட்டால் சற்று நேரத்தில் முதல் டிகாஷன் இறங்கியிருக்கும். அதே பொடியில் இரண்டாம் தண்ணீர் ஊற்றலாம். திடீர் விருந்தாளிக்கு ஆகும். மூன்றாவது ஊற்றினால் பழுப்புத் தண்ணீர்தான். ஏற்காட்டு மண்ணைப் புரிந்துகொள்ள இந்தப் பில்டர் போதும். என்ன, அங்கே பல லட்சம் ஆண்டுகளாகத் தண்ணீர் ஊற்றுவதை யாரும் நிறுத்தவில்லை.

பொடி என்பது பாறை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை சார்னோக்கைட் பாறையால் ஆனது. சென்னைப் பல்லாவரத்தில் கிடக்கிறதே, அதே இனம். அதன்மேல் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை விழுகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, மிக நீர்த்த சோடாவாகப் பாறை இடுக்குகளில் இறங்குகிறது. முதலில் கரைந்து போவது கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம். அப்புறம் நிதானமாகச் சிலிக்கா. டிகாஷன் ஓடை வழியே போய்விட, மேலே தங்கும் சக்கையில் இரும்பும் அலுமினியமும்தான் மிச்சம். மண்ணுக்கு அந்தச் செந்நிறம் இரும்பு கொடுத்தது. மலையுச்சியின் சமவெளிகளில் சக்கை முற்றிப் பாக்சைட்டாகவே ஆகிவிட்டது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய அலுமினியக் குண்டானில் சேர்வராயன் சக்கை கொஞ்சம் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தச் சக்கையில்தான், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபி நட்டார். இன்றுவரை அது காய்க்கிறது. எப்படி?

முதலில் அதன் நல்ல குணம். இந்தச் செம்மண், பதமாக வெந்த இட்லி மாதிரி. சாம்பாரை உறிஞ்சும், ஆனால் கொழகொழவென்று ஆகாது. காபி வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். மலைச்சரிவும் இட்லி மண்ணும் சேர்ந்து அந்தக் கவலையைத் தீர்த்துவிடுகின்றன.

கெட்ட குணம், புளிப்பு. சுண்ணாம்புச் சத்து கரைந்து போன மண் புளித்துத்தான் போகும். காபிக்குக் கார அமில நிலை 6-லிருந்து 6.5 வரை இருந்தால் சுகம். அந்த எண் ஒன்று குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு ஏறியதாக அர்த்தம். 5.5-க்கும் கீழே போனால், சக்கையில் சும்மா கிடந்த அலுமினியம் கரைய ஆரம்பித்து வேர் நுனிகளைக் கருக்குகிறது. (தேயிலைக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை, அது அலுமினியத்தை இலையில் சேர்த்துவைத்துக்கொண்டு நன்றாகவே வளரும்.) தீர்வு அடுப்படியில் எல்லாரும் செய்வதுதான். மூன்றாம் நாள் தோசை மாவில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுகிறோம் அல்லவா, தோட்டத்தில் அதற்குப் பதில் சுண்ணாம்பு அல்லது டோலமைட். சோடா கூடினால் தோசை சோப்பு வாடை அடிக்கும். சுண்ணாம்பு கூடினால் இரும்பும் துத்தநாகமும் செடிக்குக் கிட்டாமல் இலை வெளுக்கும். கையளவு பார்த்துப் போடுகிற வேலை இல்லை இது.

இதைவிடப் பொல்லாதது மணிச்சத்து (பாஸ்பரஸ்) விவகாரம். பால் காய்ச்சும்போது அடிப்பிடித்துவிட்டால் பால் பாத்திரத்தில்தான் இருக்கிறது, குடிக்கத்தான் முடியாது. புளித்த செம்மண்ணில் போடும் பாஸ்பேட்டும் இரும்போடும் அலுமினியத்தோடும் அப்படி ஒட்டிக்கொள்ளும். உரம் போட்ட காசு மண்ணில் இருக்கும், செடியில் இராது.

இங்கேதான் எனக்குச் சில்வர் ஓக் மரத்தின் மேல் தனி மரியாதை. காபிக்கு நிழல் தரவும் மிளகுக்கொடி ஏறவும் நட்ட ஆஸ்திரேலிய மரம். சத்தில்லாத மண்ணில் அதன் வேர்கள் பாட்டில் கழுவும் பிரஷ் போலக் கொத்துக் கொத்தாகக் கிளைக்கும். அந்தக் கொத்துகள் கசியவிடும் கரிம அமிலங்கள், இரும்பு பிடித்துவைத்த மணிச்சத்தை விடுவிக்கின்றன. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கிற அதே ரசாயனம். பிறகு இலை உதிர்கிறது. தீர்ந்த பில்டரில் ஒரு கரண்டி புதுப் பொடி.

அந்தச் சருகுதான் இந்த மலையின் அஞ்சறைப்பெட்டி. மழையில் அலசிய களிமண்ணுக்குச் சத்துகளைப் பிடித்துவைக்கும் அறைகள் மிகக் குறைவு. மட்கிய இலைக்கு அறைகள் ஏராளம். மழை அடித்தாலும் பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சட்டென்று விட்டுவிடாது. கொத்திக் கிளறிச் சருகை மழையில் போகவிட்ட சரிவில், பெட்டி காலி.

சுண்ணாம்பும் உரமும் எவ்வளவு என்று அறிய மண்ணைச் சோதிக்க வேண்டும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது மட்டும் இங்கே செல்லாது. சரிவில் மண், கலக்காமல் வைத்த சாம்பார். மேட்டில் தெளிவு, பள்ளத்தில் கெட்டி. ஆகவே மேட்டுக்கு ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து இடங்களில் முக்கால் அடி ஆழத்துக்கு ஆங்கில ‘வி’ வடிவத்தில் வெட்டி, பக்கவாட்டில் சீவிய மண்ணைக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோ வரும்வரை குறைத்து, நிழலில் உலர்த்திச் சோதனைக்குக் கொடுக்கலாம். சுண்ணாம்பு, உரம் போட்ட சூட்டோடு எடுக்கக் கூடாது. வெட்டும் முன் மேலே கிடக்கும் சருகை ஒதுக்கியாக வேண்டும். வேலை முடிந்ததும் அதைத் திரும்ப இழுத்துக் குழியை மூடிவிட்டு வாருங்கள்.