கணினி விளையாட்டில் மதிப்பெண் பட்டியல்

விடுமுறை வந்தால் பிள்ளைகள் கணினியை விட்டு எழுவதில்லை என்பது நம் வீடுகளில் பொதுவான குறை. விளையாடுவதோடு நில்லாமல் ஒரு சிறு விளையாட்டைத் தாங்களே எழுதிப் பார்க்கச் சொன்னால் அந்த ஆர்வமே படிப்பாகிவிடும். நம் கேரளத்தில் அதற்கு வசதி உண்டு. 2001-இல் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் 2017-இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. திருவனந்தபுரம் பூஜப்புராவில் அதன் தலைமையகம் உள்ளது. பள்ளிப் பாடத்தில் 'பைத்தான்' என்னும் கணினி மொழியும் இடம்பெற்று வந்திருக்கிறது. இது இலவசமாகக் கிடைக்கும்.

என் பேத்தியும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒன்றை எழுதினார்கள். விளையாட்டு நன்றாகவே ஓடியது. சண்டை வந்தது மதிப்பெண் பட்டியலில். 950 முதலிடம், 87 இரண்டாமிடம், 1240 கடைசி! ஜெயித்த பையனுக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் எளியது. கோப்பில் எழுதி வைத்த மதிப்பெண்ணைத் திரும்பப் படிக்கும்போது பைத்தானுக்கு அது எண் அல்ல, எழுத்துகளின் வரிசை. அகராதியில் சொற்களை ஒப்பிடுவது போல முதல் எழுத்தை முதலில் பார்க்கும். 9, 8, 1 என்று பார்த்தால் 1240 அடியில்தான் போகும். ரயில்வே கால அட்டவணையில் 9.40 என்று எழுதாமல் 09.40 என்று எழுதுகிறோம் அல்லவா? அப்படி இலக்கங்களைச் சமமாக்கினால் எழுத்து வரிசையும் நேர வரிசையும் ஒன்றாகிவிடும். பைத்தானில் இன்னும் சுலபம். 'இன்ட்' என்ற கட்டளையால் ஒவ்வொரு மதிப்பெண்ணையும் எண்ணாக மாற்றிக்கொண்டு, பிறகு வரிசைப்படுத்த வேண்டும்.

வரிசைப்படுத்தும் கட்டளை 'சார்ட்டட்'. அது சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும். 'ரிவர்ஸ்' என்று சேர்த்தால் பெரியது மேலே வரும். முதல் ஐந்து அல்லது பத்துப் பெயரை மட்டும் திரையில் காட்டினால் போதும்.

இருவர் சம மதிப்பெண் பெற்றால் யார் மேலே? மதிப்பெண்ணையும் பெயரையும் சேர்த்து இணையாகக் கொடுத்து 'ரிவர்ஸ்' செய்தால், மதிப்பெண் சமமானதும் பைத்தான் பெயரை ஒப்பிடும். அகர வரிசையில் பின்னால் வரும் பெயர் மேலே போய்விடும். அது நியாயமாகாது. 'கீ' என்ற குறிப்பின் மூலம் மதிப்பெண்ணை மட்டும் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்போது சமமானவர்கள் ஏற்கெனவே இருந்த வரிசையிலேயே நிற்பார்கள். டிம் பீட்டர்ஸ் என்பவர் 2002-இல் பைத்தானுக்காக அமைத்த முறைக்கு இந்தக் குணம் உண்டு. ஆகவே புதிய மதிப்பெண்ணை எப்போதும் பட்டியலின் கடைசியில் சேர்த்தால், முதலில் எடுத்தவருக்கே முன்னிடம். ரிசர்வேஷன் காத்திருப்போர் பட்டியலைப் போலத்தான்.

பெயர்களைத் தமிழில் எழுதுவோருக்கு இரண்டு குறிப்புகள். முதலாவது, கமலா, கனகா என்ற பெயர்களை அகர வரிசையில் கேட்டால் கணினி கனகாவை முதலில் தரும். நம் நெடுங்கணக்கில் 'ன' கடைசி மெய்; ஆனால் யூனிகோடு அட்டவணையில் அது 'ந'வுக்கு அடுத்து, 'ம'வுக்கு முன்னால் இருக்கிறது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988-இல் வகுத்த 'இஸ்கி' முறையின் அடிப்படையில் அந்த அட்டவணை அமைந்தது. தமிழ் வரிசை வேண்டுமானால் க, ங, ச, ஞ என்று தொடங்கி ழ, ள, ற, ன வரை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். மலையாளச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கு நெடுங்கணக்கை மனப்பாடம் செய்விக்க இதைவிட நல்ல சாக்கு எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, 'கமலா' நமக்கு மூன்றெழுத்து. பைத்தானுக்கு நான்கு, ஏனெனில் துணைக்காலைத் தனியாக எண்ணும். எழுத்துகளின் அகலமும் ஒன்றுபோல் இருக்காது. அதனால் பெயரை முதலில் போட்டால் மதிப்பெண்கள் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. இடம், மதிப்பெண், கடைசியில் பெயர் என்று அமைத்துவிட்டால் பட்டியல் ஒழுங்காகத் தெரியும்.

பிள்ளைகள் நிரல் எழுதத் தொடங்குமுன், "சமமாக வந்தால் யார் முதல்?" என்று அவர்களையே கேளுங்கள். அவர்கள் பேசி முடிவு செய்து ஒரு தாளில் எழுதட்டும். கணினி தானாக நியாயம் பார்ப்பதில்லை. நாம் சொன்ன விதியைச் செய்யும், சொல்லாத இடத்தில் தன் வழக்கப்படி செய்யும்.