கசாயத்தை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்

பெரகல சந்தியில் மூன்று பாதைகள் கூடுகின்றன. ஒன்று ஹப்புத்தளைக்கு ஏறுகிறது. ஒன்று கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. மற்றது பலாங்கொடை, இரத்தினபுரி கடந்து கொழும்புக்குப் போகிறது. புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகமவும் அந்தக் கொழும்புப் பாதையிலேயே இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து உறவும் உடைமையும் இழந்த மக்கள் இந்தப் பகுதியினரே. இடம்பெயர்ந்த குடும்பத்துக்குள் பெரிய நோயும் வந்துவிட்டால் அது இரண்டாவது மண்சரிவு.

அப்படி ஒரு வீட்டுக்கு நாம் சென்றிருந்தோம். மரக்கறித் தோட்டம் செய்து வாழ்ந்த பெரியவருக்கு நுரையீரலில் புற்றுநோய். இரண்டு தடவை மருந்து ஏற்றியாயிற்று. வாந்தி, சோர்வு, சாப்பாட்டில் வெறுப்பு. "இனி அங்க போகாம நாட்டு மருந்தோடயே இருந்தா என்னங்க?" என்று மகள் கேட்டார். பஸ் காசு, இழக்கும் நாட்கூலி, துணைக்குப் போக ஆள் இல்லாமை எல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தன.

கேள்வி நியாயமானது. ஆனால் பதில், "விட்டுவிடாதீர்கள்" என்பதே. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஆஸ்பத்திரி சிகிச்சையை ஒதுக்கி மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்களைக் கணக்கெடுத்தது. நுரையீரல் புற்றுநோயாளரிடையே அவர்களின் மரண அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது.

அப்படியானால் மூலிகை வீணா? இல்லை. எமது முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியின் சத்திலிருந்துதான் நுரையீரல் புற்றுநோய்க்குத் தரும் வினோரெல்பின் என்ற மருந்து செய்யப்படுகிறது. ஆனால் அதே செடியை வீட்டில் அவித்துக் குடித்தால் அது நஞ்சு. அளவே மருந்தையும் நஞ்சையும் பிரிக்கிறது.

இயற்கையானது என்பதால் தீங்கில்லை என்றும் எண்ணக்கூடாது. கரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் சத்தை மாத்திரையாக்கி, பின்லாந்தில் புகைப்பிடிக்கும் ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது. கரட் நல்லது, மாத்திரை வேறு. சீந்தில் கொடியால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இந்திய வைத்தியர்கள் 2021இல் எழுதினார்கள். புற்றுநோய் மருந்துகள் பலவும் ஈரல் வழியாகவே கழிவதால் இது கவனிக்க வேண்டியது. கட்டு அனோதா எனப்படும் முள்ளுச் சீத்தா இலை புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கும் மனிதரிடம் செய்த சோதனைச் சான்று இல்லை.

சிகிச்சையோடு சேர்த்து வீட்டிலேயே செய்யக்கூடியவை பல உண்டு:

• குமட்டலுக்கு, தேநீரில் கலக்கும் அளவு இஞ்சி பலருக்கு உதவும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்கவும்.
• மஞ்சள் கறிக்குப் போதும். மஞ்சள் மாத்திரை வேண்டாம்.
• மூச்சு முட்டும்போது சாய்ந்து உட்கார்ந்து, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடவும். முகத்துக்கு நேரே விசிறுவதும் ஆறுதல் தரும்.
• இயன்றளவு தினமும் சிறிது நடக்கவும்.
• முட்டை, பருப்பு, மீன் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பல வேளை கொடுக்கவும். கீரையை நன்றாகக் கழுவி அவிக்கவும்.
• பீடி, சிகரட்டை இப்போதாவது நிறுத்தவும். நோய் கண்ட பின் விட்டாலும் பலன் உண்டு. அடுப்புப் புகை வெளியேற வழி செய்யவும்.

வலியையும் மூச்சுத்திணறலையும் மனப்பாரத்தையும் தணிக்கும் பராமரிப்பைக் கடைசி நாட்களுக்கென்று தள்ளிவைக்க வேண்டாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 151 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. முற்றிய நுரையீரல் புற்றுநோயிலும், ஆரம்பத்திலிருந்தே வழக்கமான சிகிச்சையோடு இப்பராமரிப்பையும் பெற்றவர்கள் நிம்மதியாக வாழ்ந்தார்கள். சுமார் இரண்டரை மாதம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

மகளிடம் நாம் ஒன்றே சொன்னோம். அப்பா குடிக்கும் கசாயத்தில் சேரும் சரக்குகளை ஒரு தாளில் எழுதுங்கள்; அதை வைத்தியரிடம் காட்டுங்கள்; ஏச்சுக்குப் பயந்து மறைக்க வேண்டாம். அடுத்த முறை அவர் தாளோடு போனார். இஞ்சி நின்றது, சீந்தில் நீங்கியது, வாந்திக்கு வேறு மாத்திரையும் கிடைத்தது. வாந்தி தணிந்ததால் மூன்றாவது மருந்தும் ஏறியது.

மூன்று வாரத்துக்கு மேல் இருமலா? சளியில் இரத்தமா? காரணமின்றி உடல் மெலிகிறதா? காசநோயாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் நெஞ்சைப் படம் பிடித்துப் பாருங்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அயலவரும் ஒரு நாள் துணைக்குப் போனால், எந்தக் குடும்பமும் பாதி வழியில் நின்றுவிடாது.