எந்த ஸ்டெம் செல்? கடல் கடந்த சிகிச்சை பற்றி றொசல்லையிலிருந்து ஒரு விளக்கம்

அந்த வேண்டுகோள் கடிதத்தை எழுதியது நான்தான். 2018இல் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் பள்ளிவாசலில் அது வாசிக்கப்பட்டது. விபத்தில் முண்ணாண் பாதிக்கப்பட்டு இரு கால்களும் இயங்காமல் போன ஓர் இளைஞரை இந்தியாவில் ஸ்டெம் செல் சிகிச்சையால் குணப்படுத்த முடியும், அதற்கு உதவுங்கள் என்பது கடிதத்தின் சாரம். ‘முடியும்’ என்ற சொல்லை எந்த வைத்தியரிடமும் விசாரிக்காமல்தான் எழுதினேன்.

அந்த இளைஞர் என் தாத்தாவின் ஒரே மகன். ஹட்டனில் துணிக்கடையொன்றில் வேலை. மழைக்குப் பேர்போன வட்டவளைப் பக்கமிருந்து இரவில் வரும்போது வளைவொன்றில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. கண்டி ஆஸ்பத்திரியில் முதுகெலும்பைச் சத்திரசிகிச்சை செய்து நிமிர்த்தினார்கள். “நரம்பு போனது போனதுதான், இனிப் பயிற்சிதான் முக்கியம்” என்று வைத்தியர் சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. கைபேசியில் ஒரு காணொளி வந்திருந்தது. அதில் சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் எழுந்து நடந்தார். “அல்லாஹ் மருந்து வெச்சிருக்கான், நாமதான் தேடிப் போகணும்” என்றார் தாத்தா. அவருக்கு என்ன பதில் சொல்வது?

பணம் சேர்ந்தது. நம்மவர்கள் மட்டும் கொடுக்கவில்லை. தோட்டத்து லயத்திலிருந்து கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் ஐந்நூறு ரூபாவைச் சுருட்டிக் கொண்டுவந்து தந்தார். கடைத்தெருவின் சிங்கள முதலாளிமாரும் தந்தார்கள். மருமகன் இந்தியா போனார். இடுப்பெலும்பிலிருந்து மச்சையை உறிஞ்சி, அதிலிருந்து பிரித்த கலங்களை முதுகில் மூன்று தடவை ஊசியாகப் போட்டார்கள். கால்விரலில் கூச்சம் தெரிவதாக அங்கிருந்து சொன்னபோது தாத்தா சுஜூதில் விழுந்தார். திரும்பி வந்தபோது கூச்சமும் இல்லை, அசைவும் இல்லை. நெடும்பயணத்தில் உட்கார்ந்த இடத்தில் வந்த படுக்கைப்புண் மாத்திரம் இருந்தது. அதை ஆற்றக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் பல மாதங்கள் பிடித்தன.

சென்ற ஆண்டு எங்கள் ஜமாஅத்தில் இன்னொரு தகப்பன் நிர்வாக சபை முன்னால் வந்து நின்றார். ஐந்து வயது மகளுக்குத் தலசீமியா. தம்பியின் மச்சை அவளுக்குப் பொருந்துகிறது, வேலூருக்குக் கொண்டுபோகவேண்டும் என்றார். என்ன சிகிச்சை என்று கேட்டதற்கு “ஸ்டெம் செல் மாத்துறது” என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். “ஸ்டெம் செல்லா? நமக்கு ஒருதரம் பட்டது போதும் தம்பி” என்றார் ஒரு ஹாஜியார். சபை கலைந்தது.

அன்றிரவு மருமகன் என்னைக் கூப்பிட்டார். “மாமா, எனக்குச் செஞ்சது வேற, அந்தப் புள்ளைக்குச் செய்யப்போறது வேற. அத நீங்கதான் எழுதிக் குடுக்கணும். மொதக் கடிதத்தையும் நீங்கதானே எழுதினீங்க.”

இந்தக் கட்டுரை அந்தக் கடன்தான்.

குருத்துக் கலம்

நம் உடம்பின் பெரும்பாலான கலங்களுக்கு ஒரே தொழில்தான். தசைக் கலம் சுருங்கும். நரம்புக் கலம் செய்தி கடத்தும். இன்னும் தொழில் பிரியாமல், தன்னைப் போன்ற கலங்களையும் உண்டாக்கி, வேறு தொழில் செய்யும் கலங்களாகவும் மாறக்கூடியவை சில உள்ளன. அவையே ஸ்டெம் செல்கள், தமிழில் குருத்துக் கலங்கள். வாழையில் குருத்து விரிந்து இலையாவதை நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாக் குருத்தும் எல்லா இலையும் ஆவதில்லை. முளையத்தின் ஆரம்பக் கலங்கள் உடம்பின் எந்தக் கலமாகவும் மாறவல்லவை. வளர்ந்த மனிதரிடம் இருப்பவை அந்தந்த இடத்துக்கு உரியவை. எலும்பு மச்சையிலுள்ள இரத்தக் குருத்துக் கலங்கள் செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டுக்களை உண்டாக்கும். முதுகில் ஊசியாகப் போட்டதற்காக அவை முண்ணாணின் நரம்பாக மாறிவிடுவதில்லை. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாகா, வளர்ந்த தோற்கலத்தைத் திரும்பவும் குருத்து நிலைக்குக் கொண்டுவந்து காட்டி 2012இல் நோபல் பரிசு பெற்றார். இதை வைத்துப் பல நோய்களுக்கு ஆய்வுகள் நடக்கின்றன. ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. இந்த வேறுபாடு தெரியாமல்தான் நாங்கள் ஏமாந்தோம்.

பலன் தெரிந்த வழி

ஒரு குருத்துக் கலச் சிகிச்சை ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. அது எலும்பு மச்சை மாற்று. அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் 1950களில் இதைத் தொடங்கினார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் மும்பாய் டாட்டா நினைவு மருத்துவமனை 1983இலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986இலும் இதைச் செய்யத் தொடங்கின. சில இரத்தப் புற்றுநோய்கள், மச்சை வற்றிப்போகும் நோய், தலசீமியா ஆகியவை இதனால் குணமாகக்கூடியவை.

தலசீமியாவில் செங்குழியத்துக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் சரியாக உருவாவதில்லை. தாய் தகப்பன் இருவரும் நோயின்றி அந்தப் பரம்பரையலகைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இருவரும் சுமப்பவர்களாக அமைந்துவிடுவது கூடுதல். நிக்காஹுக்கு முந்திய ஓர் இரத்தப் பரிசோதனை இதைச் சொல்லிவிடும். குருநாகல் போதனா வைத்தியசாலையின் தலசீமியா நிலையத்தில் இதற்கான வசதி நெடுங்காலமாக உண்டு.

நோயுள்ள பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றும் இரத்தத்திலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும். அதை வெளியேற்ற ஊசிப்பம்பு, அல்லது தினமும் மாத்திரை. நம் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இவையெல்லாம் இலவசம். ஆயினும் றொசல்லையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாதாமாதம் கண்டிக்குப் போய்வரும் தாய்க்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

மச்சை மாற்றில் நடப்பது இதுதான். பிள்ளையின் நோயுள்ள மச்சையைக் கடும் மருந்துகளால் அழித்துவிடுகிறார்கள். பிறகு பொருந்தும் சகோதரனின் குருத்துக் கலங்களைச் சாதாரண இரத்தம் ஏற்றுவதுபோல் நாளத்தின் வழியே ஏற்றுகிறார்கள். அவை தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறி, இரண்டு மூன்று கிழமையில் புது இரத்தம் உண்டாக்கத் தொடங்கும். அதுவரை பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இராது. சிறு காய்ச்சலும் உயிராபத்து. புதுக் கலங்கள் பிள்ளையின் தோலையும் குடலையும் ஈரலையும் எதிரியாக நினைத்துத் தாக்குவதும் உண்டு. ஆகவே ஏற்றிய நாளிலிருந்து நூறு நாட்கள்வரை ஆஸ்பத்திரிக்குக் கிட்டவே தங்கியிருக்கவேண்டும். ஒரே தாய் தகப்பனின் இரு பிள்ளைகளுக்கு மச்சை பொருந்தும் வாய்ப்பும் நான்கில் ஒன்றுதான். பொருந்தி, பிள்ளை சிறியதாக, ஈரல் கெடாமல் இருந்தால், அனுபவமுள்ள மையங்களில் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் இரத்தம் ஏற்றுவதிலிருந்து விடுபடுகிறார்கள். எஞ்சிய ஒன்றிரண்டு பேரையும் மறைக்காமல் சொல்வார்கள். மச்சை ஒட்டாமல் போகலாம். பிள்ளை மௌத்தாகவும் கூடும். பலனைப்போல ஆபத்தையும் கணக்காகச் சொல்வதுதான் உண்மையான சிகிச்சையின் முதல் அடையாளம்.

விற்கப்படும் நம்பிக்கை

மருமகன் போன இடத்தில் ஆபத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. “உங்க சொந்தக் கலம்தானே, பக்கவிளைவு வராது” என்றார்களாம். பலனுக்கு உத்தரவாதமில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதே ஊசியை அதே மாடியில் பாரிசவாதத்துக்கும், ஓட்டிசத்துக்கும், நீரிழிவுக்கும், முழங்கால் வலிக்கும் போட்டார்கள்.

அப்படியானால் காணொளியில் நடந்தவர் பொய்யா? பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. முண்ணாண் முழுதாக அறுபடாமல் நசுங்கியவர்களில் பலர், எந்த ஊசியும் இல்லாமலே முதல் மாதங்களில் ஓரளவு தேறுவார்கள். இத்தகைய நிலையங்களில் ஊசியோடு சேர்த்துத் தினமும் பல மணிநேர உடற்பயிற்சியும் தருகிறார்கள். பயிற்சியால் கை பலப்படும், உட்காரும் நிலை திருந்தும். பெயர் ஊசிக்குப் போய்ச்சேரும். தேறாதவர்களை யாரும் படம் பிடிப்பதில்லை. எங்கள் மருமகனை அவர்கள் பிறகு ஒருநாளும் தேடியதில்லை.

கேடும் வரலாம். பரம்பரை நரம்பு நோயுள்ள ஒரு சிறுவனுக்கு மொஸ்கோவில் சிசுக்களின் நரம்புக் கலங்களை ஊசியாகப் போட்டார்கள். சில ஆண்டுகளில் அவனது மூளையிலும் முண்ணாணிலும் கட்டிகள் வளர்ந்தன. அவை அவனுடைய கலங்களே அல்ல, கொடையாகக் கிடைத்த கலங்களிலிருந்து வந்தவை என்று 2009இல் மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார்கள். அமெரிக்காவின் புளோரிடாவில் தங்கள் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுத்த கலங்களைக் கண்ணுக்குள் போட்டுக்கொண்ட மூன்று பெண்கள் பார்வை இழந்ததை 2017இல் இன்னொரு ஏடு பதிவு செய்தது. சொந்தக் கலம் என்பதால் ஆபத்தில்லை என்ற பேச்சு அத்தோடு முடிகிறது.

இந்தியாவின் சட்டதிட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட வழிகாட்டியின் தலைப்பில் ‘ஸ்டெம் செல் ஆராய்ச்சியும் சிகிச்சையும்’ என்று இருந்தது. 2013இல் ‘சிகிச்சை’ என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2017இன் வழிகாட்டி, இரத்த நோய்களுக்கான மச்சை மாற்றுத் தவிர்ந்த ஏனைய எல்லாவற்றையும் ஆய்வென்றே கொள்ளவேண்டும் என்கிறது. ஆய்வில் சேரும் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கவும் கூடாது. நாங்கள் ஊர் கூடிச் சேர்த்த பணம், வாங்கவே கூடாத பணம்.

பணம் அமானிதம்

மருந்து தேடுவது மார்க்கம் தடுத்த காரியமல்ல, ஏவிய காரியம். ஹலாலா ஹராமா என்ற கேள்விக்கும் அறிஞர்கள் முன்னரே விடை சொல்லியிருக்கிறார்கள். மக்காவில் 2003இல் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, வளர்ந்தவரின் கலங்களையும் தொப்புள்கொடி இரத்தத்தையும் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்றது. வேண்டுமென்றே கலைத்த கருவிலிருந்து எடுப்பதைத் தடுத்தது.

எங்கள் பிழை வேறிடத்தில் இருந்தது. ஸகாத்தும் சதகாவும் அமானிதம். கொழுந்து பறித்த கையின் ஐந்நூறு ரூபாவும் அமானிதம். அதை எதற்குக் கொடுக்கிறோம் என்று விசாரிக்காமல் இரக்கத்தை மட்டும் நம்பினோம். அந்தப் பணத்தில் நல்லதொரு சக்கர நாற்காலி, படுக்கைப்புண் வராத மெத்தை, சரிவான எங்கள் நிலத்தில் வாசல்வரை ஒரு சாய்தளம், அகன்ற குளியலறைக் கதவு எல்லாம் செய்திருக்கலாம். ராகமையிலும் திகனயிலும் அரசாங்கத்தின் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கு போகவேண்டிய பொன்னான மாதங்களை விமான நிலையங்களில் கழித்தோம். இப்போது அந்தச் சாய்தளம் இருக்கிறது. மருமகன் கடைத்தெருவில் கைபேசி திருத்துகிறார்.

கடிதம் எழுதுமுன் கேட்கவேண்டியவை

இனி எந்த ஜமாஅத்திலாவது இப்படியொரு வேண்டுகோள் வந்தால், மறுக்கவும் வேண்டாம், அவசரப்படவும் வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்.

நோய் எது? இரத்த, மச்சை நோயா, அல்லது நரம்பு, மூளை, மூட்டு நோயா?

கலம் யாருடையது? மச்சை மாற்றென்றால் பொருத்தப் பரிசோதனை அறிக்கை இருக்கவேண்டும்.

இங்கே பார்த்துவரும் விசேட வைத்தியர் எழுத்தில் என்ன சொல்கிறார்? அவருக்குத் தெரியாமல் போகும் பயணம் வேண்டாம்.

ஆய்வு என்றால் பதிவிலக்கம் என்ன? இந்தியாவில் ஆய்வுகளைப் பதியும் பதிவேடு 2007 முதல் எவரும் பார்க்கக்கூடியதாக இருக்கிறது. ஆய்வென்று சொல்லிக் காசும் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஒரே ஊசி பல நோய்க்கா? அப்படியென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நூறு நாள் தங்கும் செலவு, மருத்துவ விசா, கூடப்போகும் இருவரின் சாப்பாடு, திரும்பி வந்தபின் மருந்து, இவையெல்லாம் கணக்கில் இருக்கிறதா? பாதியில் பணம் தீர்ந்தால் பிள்ளைக்குத்தான் ஆபத்து.

இந்தக் கேள்விகளை எழுதி அந்தத் தகப்பனிடம் கொடுத்தேன். இரண்டு கிழமையில் எல்லாவற்றுக்கும் பதிலோடு வந்தார். கண்டி வைத்தியரின் கடிதம் இருந்தது, பொருத்த அறிக்கை இருந்தது, செலவுக் கணக்கும் இருந்தது. சபையில் நான் வாசித்துக் காட்டினேன். இம்முறை கடிதத்தில் ‘குணமாகும்’ என்று எழுதவில்லை. ‘குணமாகும் வாய்ப்பு அதிகம், ஆபத்தும் உண்டு’ என்று எழுதினேன். ஹாஜியார் நெடுநேரம் யோசித்துவிட்டு, “இப்புடி வெளங்கப்படுத்தினா யாரு வேணாங்கிற?” என்றார்.

இதை எழுதும்போது அந்தக் குடும்பம் வேலூரில் இருக்கிறது. பிள்ளைக்கு மச்சை ஏற்றி நாற்பத்தோராவது நாள். துஆச் செய்யுங்கள்.