திறக்காத கதவுகள்



நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதி. வானை முட்டும் கட்டடங்களுக்கு இடையே ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலாடிச் செல்கிறீர்கள். கீழே சாலையில் வண்டிகள் விரைகின்றன. நடைபாதையில் மக்கள் நடமாடுகிறார்கள். ஓர் உயர்ந்த கட்டடத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறீர்கள். உள்ளே ஓர் அறை தெரிகிறது. போய்ப் பார்க்கலாமே என்று ஆசை எழுகிறது. கீழே இறங்கி வாசற்கதவை நெருங்குகிறீர்கள், திறக்கவில்லை. அடுத்த கட்டடம்? அதுவும் திறக்கவில்லை. அதற்கடுத்தது? அதுவும் அப்படியே!

இது 2018-இல் வெளிவந்த 'மார்வெல்ஸ் ஸ்பைடர்-மேன்' என்ற வீடியோ விளையாட்டு. விருப்பப்படி எங்கும் சுற்றித் திரியும்படி அமைந்த இத்தகைய விளையாட்டுகளைத் 'திறந்த உலக விளையாட்டுகள்' என்கிறார்கள். பெயர்தான் திறந்த உலகம். கதைக்குத் தேவையான சில இடங்களைத் தவிர, பெரும்பாலான கதவுகள் மூடியே இருக்கின்றன. என் வகுப்பு மாணவர் ஒருவர் ஒருநாள், "இது ஏமாற்று வேலைதானே, சார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி! விடை காணச் சற்றுக் கணக்குப் போட வேண்டும். வாருங்கள், போட்டுப் பார்ப்போம்.

பரப்பும் பருமனும்

கனசதுர வடிவில் ஒரு கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். நீளத்தில் 10 அறைகள், அகலத்தில் 10, உயரத்தில் 10. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கு பக்கச் சுவர்களும் மேல்தளமும் தெரியும். ஓர் அறையின் முகப்பை ஒரு சதுரம் என்று கொண்டால், ஒரு பக்கத்துக்கு 100 சதுரங்கள். ஐந்து பக்கங்களுக்கு 500. இவற்றை வரைந்துவிட்டால் வெளித்தோற்றம் முடிந்தது.

இப்போது உள்ளே செல்வோம். மொத்த அறைகள் 10 × 10 × 10 = 1000. ஒவ்வோர் அறைக்கும் நான்கு சுவர்கள், ஒரு தரை, ஒரு கூரை. ஆகவே 6000 சதுரங்கள்! வெளிவேலையைப் போல் உள்வேலை 12 மடங்கு. மேசை, நாற்காலி, கட்டில், விளக்கு ஆகியவற்றை இன்னும் சேர்க்கவேயில்லை.

பக்கத்துக்கு 20 அறைகளாக்கினால் என்ன ஆகும்? வெளியே 2000 சதுரங்கள், உள்ளே 48,000. அதாவது 24 மடங்கு. காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளித்தோற்றம் பரப்பளவைப் பொறுத்தது. அது பக்கத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். உள்ளறைகளோ கன அளவைப் பொறுத்தவை. மும்மடிக்கு ஏற்பப் பெருகும். கட்டடம் வளர வளர, உள்ளேயிருக்கும் வேலை வெளிவேலையை முந்திக்கொண்டே போகும்.

நொடியில் முப்பதில் ஒரு பங்கு

திரையில் தெரியும் காட்சி, திரைப்படத்தைப் போலவே, அடுத்தடுத்து வரும் நிழற்படங்களால் ஆனது. மேற்சொன்ன விளையாட்டு 2018-இல் வெளிவந்தபோது நொடிக்கு 30 படங்களைக் காட்டியது. ஒரு படத்தைக் கணக்கிட்டு வரையக் கணிப்பொறிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 33 மில்லிநொடிதான். அதற்குள் கட்டடங்கள், வண்டிகள், மனிதர்கள், நிழல்கள் அனைத்தும் தயாராக வேண்டும்.

இங்கே மூடிய சுவர் ஒரு பெரிய உதவி செய்கிறது. அதற்குப் பின்னால் என்ன இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை வரைய வேண்டியதில்லை. கதவைத் திறந்தால் அந்தச் சலுகை பறிபோய்விடும்.

நினைவகத்துக்கும் எல்லை உண்டு. 2000-இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். அதன் வட்டிலிருந்து நொடிக்கு அதிகபட்சம் சுமார் 5 மெகாபைட் செய்தியைப் படிக்க முடியும். நினைவகம் முழுவதையும் நிரப்ப 6 நொடிக்கு மேல் ஆகும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் 120 மீட்டரைக் கடந்துவிடும்! ஆகவே, முன்னே வரப்போகும் தெருவை வட்டிலிருந்து எடுத்து வைப்பதும், பின்னே போன தெருவை நினைவகத்திலிருந்து அழிப்பதும் ஓயாமல் நடக்க வேண்டும். இந்த ஓட்டத்தில் அறைகளுக்கு ஏது இடம்?

இன்றைய கருவிகள் இதைவிடப் பன்மடங்கு வல்லமை உடையவை. அப்படியிருந்தும் கதவுகள் ஏன் திறக்கவில்லை? ஏனெனில், கணிப்பொறியின் வேகம் பெருகிய அளவுக்கு மனிதக் கையின் வேகம் பெருகவில்லை. ஒரு நகரத்தில் 5000 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 40 அறைகள் என்று கொள்வோம். மொத்தம் 2 இலட்சம் அறைகள். ஓர் ஓவியர் ஓர் அறையை அரை மணி நேரத்தில் அமைத்துவிடுவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், 1 இலட்சம் மணி நேரம் தேவை. ஆண்டுக்கு 2000 மணி நேரம் உழைத்தால் அவருக்கு 50 ஆண்டுகள் பிடிக்கும்!

அத்தனையும் திறந்தால்?

"ஒரே மாதிரி அறையைப் பல இடங்களில் வைத்துவிட்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1996-இல் வெளிவந்த 'டேகர்ஃபால்' என்ற விளையாட்டில் ஊர்களும் நிலவறைகளுமாகச் சுமார் 15,000 இடங்கள் உண்டு. வீடுகளுக்குள் நுழையலாம். ஆனால் இத்தனையையும் கையால் அமைக்க முடியுமா? முன்பே செய்து வைத்த துண்டுகளைக் கணிப்பொறியின் விதிகளைக் கொண்டு அடுக்கியே அந்த உலகம் உருவானது. பல வீடுகளுக்குள் போய் வந்தவருக்கு அடுத்த வீட்டில் என்ன இருக்கும் என்பது முன்பே தெரிந்துவிடும். கதவு திறந்தது, வியப்பு குறைந்தது.

அதே நிறுவனத்தார் 2011-இல் வெளியிட்ட 'ஸ்கைரிம்' வேறு வழியைக் கையாண்டது. கதவைத் தொட்டதும் திரையில் காத்திருப்புப் படம் ஒன்று தோன்றும். பிறகு நீங்கள் உள்ளே இருப்பீர்கள். உண்மையில் அந்த அறை வீட்டுக்குள் இல்லை! அது தனியே வைக்கப்பட்ட வேறோர் இடம். வெளியே தெரியும் வீடு வெறும் ஓடு. உள்ளே இருக்கும்போது வெளியுலகை வரைய வேண்டாம். வெளியே இருக்கும்போது உள்ளறையை வரைய வேண்டாம். சிக்கனமான ஏற்பாடு அல்லவா?

ஜன்னலுக்குள் ஒரு கணக்கு

அப்படியானால், மன்ஹாட்டன் ஜன்னல்களில் தெரிந்த அறைகள் எங்கிருந்து வந்தன? யோஸ்ட் வான் டோங்கன் என்ற நெதர்லாந்து நாட்டவர் 2008-இல் வெளியிட்ட முறை இதற்கு வழிகாட்டியது. அதில் அறையே கிடையாது. வடிவியல் மட்டும்தான் உண்டு.

உங்கள் கண்ணிலிருந்து ஜன்னலின் ஒரு புள்ளிக்கு ஒரு நேர்கோடு வரையுங்கள். அதைக் கண்ணாடிக்கு அப்பாலும் நீட்டுங்கள். உள்ளே 4 மீட்டர் ஆழமுள்ள ஓர் அறை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்தப் புள்ளி அறையின் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். கோடு 2 மீட்டர் உள்ளே செல்லும்போது 1 மீட்டர் கீழிறங்குகிறது என்றால், தரையைத் தொட எவ்வளவு தொலைவு உள்ளே செல்ல வேண்டும்? 3 மீட்டர். பின்சுவரோ 4 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது. எனவே கோடு முதலில் தரையைத்தான் தொடும். அந்தப் புள்ளிக்குத் தரையின் நிறத்தைக் கொடுத்துவிட வேண்டியதுதான்! பக்கச் சுவர்களுக்கும் கூரைக்கும் இதே கணக்குத்தான்; எதை முதலில் தொடுகிறதோ அதன் நிறம். நாற்காலி, மனிதர் ஆகியோருக்கு, படம் தீட்டிய தட்டி ஒன்றை அறையின் நடுவே நிறுத்தினால் போதும்.

நீங்கள் நகர நகரக் கோட்டின் சாய்வு மாறும். அறையும் அதற்கேற்ப மாறித் தோன்றும். உண்மையான அறையைப் பார்ப்பது போலவே இருக்கும். உள்ளே நுழைய மட்டும் முடியாது!

ஏமாற்று வேலையா?

இப்போது என் மாணவரின் கேள்விக்கு வருவோம். வாயுக்களைப் பற்றி ஆராய்ந்த 19-ஆம் நூற்றாண்டு விஞ்ஞானிகள், வாயுவின் துகள்களை மிகச் சிறிய கெட்டியான பந்துகளாகக் கொண்டார்கள். பந்துக்குள் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. கதவை மூடியே வைத்தார்கள். ஆயினும் வாயுவின் அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் சரியான விளக்கம் கிடைத்தது. அந்தக் கேள்விக்கு உள்ளறை தேவைப்படவில்லை. பிறகு வேறு கேள்விகள் எழுந்தன. 1897-இல் ஜே. ஜே. தாம்சன் எலெக்ட்ரானைக் கண்டார். 1911-இல் ரூதர்ஃபோர்டு அணுக்கரு இருப்பதை எடுத்துக்காட்டினார். மூடியிருந்த கதவு திறந்தது. உள்ளே ஒரு புதிய இயற்பியலே இருந்தது!

உங்கள் பாடநூலிலும் மூடிய கதவுகள் உண்டு. "காற்றின் தடையைப் புறக்கணிக்க", "உராய்வற்ற தளம் எனக் கொள்க" என்ற வரிகள் எல்லாம் என்ன? கேட்ட கேள்விக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதே ஒரு மாதிரியை அமைக்கும் கலை. அது ஏமாற்று அன்று. மாதிரியையே முழு உண்மை என்று நம்பிவிட்டால்தான் நாம் ஏமாறுகிறோம்.

ஆகவே, அடுத்த முறை இத்தகைய விளையாட்டைப் பார்க்க நேர்ந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு ஜன்னல் முன் நின்று இடமும் வலமுமாக நகருங்கள். எது மாறுகிறது? எந்தப் பொருள் தட்டையாகத் தெரிகிறது? கட்டடத்தின் மூலையைச் சுற்றி அடுத்த ஜன்னலுக்குப் போனால் அதே அறைதான் தெரிகிறதா? குறித்து வையுங்கள். அதன் பிறகு இயற்பியல் பாடநூலைத் திறந்து, அதில் மூடி வைத்த கதவுகளையும் எண்ணத் தொடங்குங்கள். அவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் கைக்குத் திறக்கலாம்.